பச்சை ஸ்வெட்டரின் உள்பக்கம்

1

சென்னிமலையில் நம் காலனிக் கோயில் மலருக்கு டெல்லியைப் பற்றி ஏதாவது எழுதி அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். நான் மூணாங்கிளாஸோடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுத வேண்டும். ஒரு பக்கம் முடிக்க ஒரு மத்தியானம் போய்விடுகிறது. போகட்டும், எனக்கு என்ன ரயிலுக்கா நேரமாகிறது? பிழை இருந்தால் அச்சுக்காரர் திருத்திக்கொள்ளட்டும். என் பேச்சைத் திருத்த வேண்டாம்.

செங்கோட்டை, குதுப்மினார் பற்றியெல்லாம் எழுத ஆள் இருப்பார்கள். நான் கம்பளி நூலைப் பற்றி எழுதப் போகிறேன். காரணம் இருக்கிறது. என்ற பையன் பழனிச்சாமி கல்யாணத்தைப் பற்றிச் சென்னிமலையில் ஆளுக்கு ஒரு கதை கட்டுகிறீர்கள் என்று இங்கே வரைக்கும் காதில் விழுந்தது. அந்தக் கல்யாணம் ஒரு ஸ்வெட்டரில் ஆரம்பித்தது. நடந்ததை நடந்தபடி நானே சொல்லிவிட்டால் கதை கட்டுகிறவர்களுக்கு வேலை மிச்சம். முக்கியமாக என் அண்ணன் படிக்க வேண்டும். அவர் மகள் செல்வியை மருமகளாக்கிக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தவள் நான்தான்.

2

என் வீட்டுக்காரர் போனதும் தறியை விற்றது உங்கள் எல்லோருக்கும் தெரியும். என்ற பையன் கையில் மைதான் படணும், நூல் படக் கூடாது என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். அவனும் பரீட்சை எழுதி, சென்ட்ரல் கவர்ன்மெண்டில் குமாஸ்தாவாகி, ஆர்.கே.புரத்தில் குவார்ட்டர்ஸ் வாங்கி என்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

டெல்லியில் எதையும் நான் முதல் பார்வையில் நம்புவதில்லை. பாலை விரலில் தொட்டுத்தான் வாங்குவேன். பருப்பைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பேன். குளிர்காலம் வந்தால் இந்த ஊர்ப் பெண்டுகள் மத்தியான வெயிலில் புல்தரையில் வரிசையாக உட்கார்ந்து, இரண்டு ஊசியை வைத்துக்கொண்டு கம்பளி பின்னுவார்கள். கண் ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். பார்க்காமல் செய்கிற வேலையில் எனக்கு நம்பிக்கை கிடையாது. நான் கம்பளி போட்டதும் கிடையாது. நம்மூர்ப் போர்வை இரண்டை ஒன்றன் மேல் ஒன்றாகப் போர்த்திக்கொண்டு வருஷா வருஷம் குளிரைத் தள்ளிவிட்டேன். கீழ்வீட்டுப் பஞ்சாபிக்காரி பிம்லா என்னைப் பார்த்தால், "மாஜி, இன்றைக்கும் பெட்ஷீட்டோடு எழுந்து வந்துட்டீங்களா?" என்று சிரிப்பாள். "உன் ஸ்வெட்டர் ஆட்டு மயிர். என் போர்வை பூவில் வந்தது" என்பேன். எனக்குத் தெரிந்த மார்க்கெட் ஹிந்தியில் அதைச் சொல்ல ரொம்ப நேரம் பிடிக்கும். சொல்லாமல் விடமாட்டேன்.

3

போன வருஷம் கார்த்திகைக் கடைசி. ஆபீஸ் விட்டு வந்த பழனிச்சாமி ஒரு பச்சை ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நின்றான். காலையில் போகும்போது அது இல்லை.

"ஏங்கண்ணு, இது ஏது?"

"வாங்கினதும்மா."

"எங்கெ?"

"கடையிலதான்."

"கடைக்குப் பேரில்லையா?"

"அச்சா, இப்ப காப்பி குடுப்பியா, மாட்டியா?"

இந்த 'அச்சா'வும் எனக்குப் பிடிப்பதில்லை. கூப்பிட்டால் 'ஹாஞ்சி' என்கிறான். நல்லதுக்கும் கெட்டதுக்கும் அச்சா. ஆனால் அன்றைக்கு எனக்குச் சுருக்கென்றது வேறு. அவனுக்கு இடது தோள் கொஞ்சம் சரிவு. டெய்லர்கூட இரண்டு தரம் அளந்தால்தான் சட்டை சரியாக உட்காரும். ஸ்வெட்டர் அந்தத் தோளில் வழித்து விட்டது போல உட்கார்ந்திருந்தது. கடையில் தொங்குகிற ஸ்வெட்டருக்கு என்ற பையன் தோள் சரிவு எப்படித் தெரியும்? யாரோ அளவு எடுத்திருக்கிறார்கள். யார், எங்கே வைத்து எடுத்தார்கள்?

அப்புறம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. கொஞ்ச நாளாகவே டிபன் டப்பா கழுவி வருகிறது. எந்த ஆம்பிளைப் பையன் ஆபீஸில் டப்பா கழுவுவான்? தை பிறந்தால் செல்வியை நிச்சயம் பண்ணலாம் என்றால், லீவு இல்லை என்கிறான். லீவு இல்லாதவனுக்கு ஞாயிற்றுக்கிழமை எங்கே போக வேண்டியிருக்கிறது?

4

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் முடிவெட்டப் போன நேரம் பார்த்து ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு பிம்லாவிடம் இறங்கினேன். இரண்டு பேரும் வெயிலில் உட்கார்ந்து அதை உள்பக்கம் திருப்பினோம். துணியின் வெளிப்பக்கம் விற்கிறவனுக்கு. உள்பக்கம்தான் உண்மை பேசும். பருத்திக்கு நான் கண்ட விதி அது. கம்பளி மட்டும் தப்பிவிடுமா?

முன்பக்கமும் பின்பக்கமும் தனித்தனியாகப் பின்னி, பக்கவாட்டில் தைத்திருந்தது. சாயம் ஒன்றுதான். நூல் ஒன்றில்லை. முன்பக்கத்து நூல் வழுவழுவென்று, எண்ணெய் தடவி வாரின தலை போல. பின்பக்கத்து நூல் புசுபுசுவென்று, தூங்கி எழுந்த தலை போல. அதனால் ஒரே பச்சை முன்னால் பளிச்சென்றும் பின்னால் மங்கலாகவும் இருந்தது. மற்றவர்கள் பார்த்தால் தெரியாது. நூல் வீட்டில் பிறந்தவளிடம் அது நடக்காது.

பிம்லா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தடவிப் பார்த்தாள்.

"மாஜி, இது ஒரு கை இல்லை. தோ ஹாத். இரண்டு பேர் பின்னியிருக்கிறார்கள்."

"எப்படிச் சொல்றே?"

"முன்பக்கத்தை இழுத்துப் பாருங்கள்."

இழுத்தேன். நெகிழ்ந்து கொடுத்துத் திரும்பிப் போயிற்று.

"இப்போது பின்பக்கம்."

இழுத்தேன். அசையவில்லை.

"அரே, இது ஸ்வெட்டரா, ஜமக்காளமா?" என்று பிம்லா தொடையில் தட்டிச் சிரித்தாள். "இவ்வளவு இறுக்கி யார் பின்னுவார்கள்? முன்பக்கம் பின்னினவள் கைதேர்ந்தவள். பின்பக்கம் யாரோ கோபக்காரி."

"அம்மாளும் மகளுமா இருக்குமா?"

"இருக்கலாம். எங்கள் வீடுகளில் ஒரு பக்கம் பெண் பின்னினால் மறுபக்கம் அம்மா முடித்துக் கொடுப்பாள். சீக்கிரம் ஆகுமே, ஜல்தி."

பெண் ஒருத்தி என்றால் பையனைக் கண்டித்து வைக்கலாம். அம்மாளும் மகளும் சேர்ந்து ஆளுக்கு ஒரு பக்கம் பின்னுகிறார்கள் என்றால் குடும்பமே கூடி முடிவு பண்ணிவிட்டது என்றுதானே அர்த்தம்? இங்கே நான் ஒருத்தி பெட்ஷீட்டைப் போர்த்திக்கொண்டு ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

5

புளியும் அப்பளமும் வாங்க ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போகிற சாக்கில், அந்தப் பக்கத்துக் கம்பளிக் கடைக்குப் போனேன். தையலுக்குள் இருந்து இரண்டு நூலிலும் ஒரு விரல் நீளம் பிரித்து முந்தானையில் முடிந்து கொண்டுபோயிருந்தேன். கூட பிம்லா. கடைக்காரர் வயசான சர்தார்ஜி.

"ஒரே ஆடு, ஏன் இரண்டு நூல்? எது அசல், எது போலி?" என்று கேட்டேன்.

"இரண்டும் அசல் மாதாஜி."

"இரண்டும் எப்படி அசலாகும்?"

அவர் முறைத்துவிட்டுப் பிறகு சொன்னார். ஆட்டு மயிரில் நீளமானதைத் தனியாக எடுத்து, சிடுக்கும் குட்டையும் போகச் சீவி, எல்லாவற்றையும் ஒரே திசையில் படுக்க வைத்து, முறுக்கி நூற்பார்களாம். அது வழுவழு நூல். கோட்டுத் துணி நெய்வது அதில்தான். குட்டை மயிரை அப்படிச் சீவ முடியாது. முள்பட்டையில் போட்டுப் பிரித்து, குறுக்கும் நெடுக்குமாக இருக்கிறபடியே லேசாக முறுக்குவார்களாம். அது புசுபுசு நூல். உள்ளே காற்று நிற்கும், அதனால் சூடு அதிகம். சால்வை, போர்வை, முரட்டுக் கோட்டு எல்லாம் அதில்.

இதை நான் உடனே ஒத்துக்கொண்டேன். பருத்தியிலும் சீவின நூல், சீவாத நூல் உண்டல்லவா? ஆனால் அவரிடம் ஒத்துக்கொண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"அப்ப போலியே கிடையாதா?"

"ஏன் இல்லை?" என்று அவர் மேல் தட்டிலிருந்து பெரிய ரோஜா நிற நூல்சிட்டம் ஒன்றை இறக்கினார். "இது ஆட்டைப் பார்த்ததே இல்லை. ஆலையில் மருந்திலிருந்து இழுத்தது." வாசலில் குவித்திருந்த சாம்பல் நிறப் போர்வைகளையும் காட்டினார். "இது வெளிநாட்டுக்காரன் போட்டுக் கழித்த ஸ்வெட்டரையெல்லாம் கிழித்து, பஞ்சாக்கி, மறுபடி நூற்று நெய்தது. பானிப்பட்டில் செய்கிறார்கள். கம்பளிதான். மூன்றாம் ஜன்மம்."

எந்த ஊர்க்காரன் உடம்பில் கிடந்ததோ என்று நான் கையை எடுத்துக்கொண்டேன்.

"என்னுடையது எது என்று எப்படி நம்புவது?"

அவர் தீக்குச்சியைக் கிழித்தார். ரோஜா நூல் உருகி, பாசி மணி போல உறைந்து நின்றது. என் பச்சை நூல் இரண்டும் கருகின தலைமயிர் வாசனை அடித்து, தொட்டதும் பொடியாக உதிர்ந்தன. இரண்டும் ஆடுதான்.

கிளம்பும்போது அவர் சும்மா இராமல் இன்னொன்று சொன்னார். "புதிதாகப் பின்னக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு இந்தப் புசுபுசு நூலைத்தான் கொடுப்போம் மாதாஜி. தப்புத் தெரியாது, மயிர் மூடிக்கொள்ளும்."

அப்படியானால் பின்பக்கம் பின்னினது அம்மாக்காரி இல்லை. கற்றுக்குட்டி யாரோ. தங்கச்சிக்காரி ஒருத்தியும் இருக்கிறாளா? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தக் குடும்பம் என் மனசில் பெருத்துக்கொண்டே வந்தது.

6

பொறுக்க முடியாமல் ஒரு நாள் மத்தியானம் அவன் ஆபீசுக்கே போய்விட்டேன். வாசலில் ஒரு ஆள் மறித்தான். யாரைப் பார்க்கணும், எந்த செக்‌ஷன், என்ன உறவு, என்ன காரியம், எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டால் பாஸ் தருவானாம். உறவு என்றால் சொல்லலாம், பெற்ற அம்மா. காரியத்தை எப்படி எழுதுவது? 'என் மகன் ஸ்வெட்டரைப் பின்னினது யார் என்று பார்க்க' என்றா?

"காரியம் ஒன்றுமில்லை" என்றேன்.

"காரியம் இல்லாமல் உள்ளே விட ரூல் இல்லை மாதாஜி."

பெற்ற பிள்ளையைப் பார்க்க அம்மாளுக்கு ரூல் தேவைப்படுகிற ஊரை நான் என்னவென்று நினைப்பது? கம்பி வேலிக்கு வெளியே நடந்து, உள்ளே இருந்த புல்தரையைப் பார்த்தேன். சாப்பாட்டு நேரம். ஆபீஸ் பெண்டுகள் அங்கேயும் ஊசியோடு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பச்சை ஸ்வெட்டர். பக்கத்தில் ஒல்லியாக, நீளப் பின்னலோடு ஒரு பெண். அவள் ஏதோ சொல்ல, இவன் தலையாட்டுகிறான். இரண்டு முழங்கையும் ஓயாமல் அசைகின்றன. குளிர்காலத்தில் டெல்லியில் எல்லோரும் வெயிலில் உட்கார்ந்து நிலக்கடலை உரிப்பார்கள். அவளுக்குக் கடலை உரித்துக் கொடுக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டில் எனக்கு ஒரு வெங்காயம் உரித்துக் கொடுத்தவன் கிடையாது.

7

மறு ஞாயிறு ஸ்வெட்டரைத் துவைக்கப் போட்டான். நான் வெந்நீர் காய வைத்ததைப் பார்த்து பிம்லா ஓடி வந்து பிடுங்கிக்கொண்டாள். வெந்நீரில் போட்டுக் கசக்கினால் சுருங்கி, கனத்து, குழந்தைச் சட்டையாகிவிடுமாம். பச்சைத் தண்ணீரில் பூந்திக்கொட்டை நுரை போட்டு அலசி, வெயிலில் துண்டின் மேல் படுக்க வைத்தாள்.

ஈரத்தில் புசுபுசு மயிரெல்லாம் படிந்துவிட்டது. அப்போதுதான் முதுகின் உள்பக்கம், இடது தோளுக்குக் கீழே, கடுகு அளவில் ஒன்று தட்டுப்பட்டது.

"மாஜி, இது என்ன கூத்து?" என்றாள் பிம்லா. "முடிச்சு! நாங்கள் முடிச்சே போடமாட்டோம். நூல் முடிந்தால் இரண்டு நுனியையும் பிரித்து ஒன்றாக முறுக்கிப் பின்னுவோம். மிச்சத்தைக் கத்தரியால் வெட்டுவோம். இவ்வளவு சின்ன முடிச்சு எந்தப் பெண் போடுவாள்?"

அந்த முடிச்சை எனக்குத் தெரியும். தறிப் பாவில் இழை அறுந்தால், குறுக்கே ஓடுகிற நாடாக்கட்டை இடிக்காமல் போவதற்காகப் போடுகிற முடிச்சு. என் வீட்டுக்காரர் இரண்டு விரலில் சுழற்றிப் போட்டு, நுனியைப் பல்லால் கடித்துத் துப்புவார். பல்லில் கடித்த நுனி பிசிறடித்திருக்கும். இதுவும் பிசிறடித்திருந்தது.

இந்த ஆர்.கே.புரம் முழுக்கத் தேடினாலும் அந்த முடிச்சுப் போடத் தெரிந்த வீடு ஒன்றுதான். என்ற பையன் சின்னதில் தறியில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பழகினவன். ஜமக்காளம் போல ஏன் இறுகியிருக்கிறது என்பதும் அப்போது விளங்கிற்று. நெய்கிறவனுக்கு அடித்து இறுக்கினால்தான் துணி. நெகிழ விட்டுப் பின்னுவது அவன் கைக்கு வராது.

8

சாயங்காலம் அவன் காப்பி குடித்து முடிக்கிற வரைக்கும் காத்திருந்தேன். பிறகு அறுந்த நூல் இரண்டை எடுத்து அவன் முன்னால் வைத்தேன்.

"இதைக் கொஞ்சம் முடிஞ்சு குடு கண்ணு. எனக்குக் கண் தெரியலை."

பேப்பர் படித்துக்கொண்டே வாங்கினான். விரல் ஒரு சுற்று. நுனியைக் கடித்துத் துப்பினான். நீட்டின கை பாதி வழியில் நின்றுவிட்டது. ஸ்வெட்டர் உள்பக்கம் வெளியே தெரிய என் மடியில் கிடந்தது.

"எத்தனை நாளா?"

"போன குளிர்லருந்தும்மா."

"கடலை உரிக்கறேன்னு நெனச்சேன்."

"கடலையா? நீ எப்பம்மா அங்கெ வந்தே?"

"அத உடு. யாரு அவ?"

"வீணா. எங்க செக்‌ஷன்தான். அப்பா இல்லை. பிரிவினைல அந்தப் பக்கத்துல இருந்து வந்த குடும்பம்."

"முன்பக்கம் அவளா?"

"ம்."

"நூலைத் தொட வேண்டாம்னு உன்னை எப்படி வளத்தேன்! பொம்பளைகளுக்கு நடுவால உக்காந்து ஊசி புடிக்கறயே, ஆபீசுல சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிச்சாங்கம்மா. அப்புறம் ரெண்டு பேரு எங்கிட்டயே பின்னல் மாதிரி கேட்டு வாங்கிக்கிட்டாங்க." பேப்பரை மடித்து வைத்தான். "நீ நூலைத் தொடாதேன்னே. அவ தொட்டுப் பாருன்னா. அவ்வளவுதாம்மா."

"உன்ற மாமனுக்கு நான் குடுத்த வாக்கு?"

"செல்வியை யாராச்சும் கேட்டீங்களா? டெல்லிக்கு வரமாட்டேன்னு அவ போன பொங்கலுக்கே எங்கிட்டச் சொல்லிட்டா."

அண்ணா, இது நிஜமா, தப்பித்துக்கொள்ள அவன் சொன்னதா என்று எனக்கு அப்போது சந்தேகம்தான். பிறகு பெருந்துறை மாப்பிள்ளை முடிவானதும் செல்வி முகம் எப்படிப் பூரித்திருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். எனக்குக் கோபம் வாக்குப் போனதில் மட்டும் இல்லை. அந்தப் பிள்ளை என்ற பையனிடம் சொன்னதை நம் இரண்டு பேரிடமும் சொல்லவில்லையே, அதிலும்தான்.

9

வீணா அவள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வாசலில் செருப்பை விட்டுவிட்டு, "அத்தை, நல்லா இருக்கீங்களா?" என்றாள். அந்த 'ங்க'வை நம் பக்கத்து இழுப்போடு சொன்னாள். எத்தனை மாதம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருப்பான்! எனக்கு அதில் சந்தோஷம் வரவில்லை, கணக்குப் பார்க்கத்தான் தோன்றிற்று.

பையிலிருந்து தவிட்டு நிறச் சிட்டம் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தாள். எனக்கு ஸ்வெட்டர் பின்னுவதற்காம். அவள் அம்மா அதை மெச்சிப் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் ஒரு இழையைக் கிள்ளி, அடுப்பில் காட்டினேன். என்ற பையன் தலையில் கை வைத்துக்கொண்டான். அந்த அம்மாளுக்கு முகம் சுருங்கிவிட்டது. வீணா மட்டும் எழுந்து வந்து, என்னோடு குனிந்து மோந்து பார்த்தாள்.

"பால்," என்று ஹிந்தியில் சொல்லித் தன் தலைப்பின்னலைத் தொட்டுக் காட்டினாள். தலைமயிர் வாசனை என்றாள். சாம்பலை விரலில் எடுத்து என் எதிரிலேயே பொடித்தாள்.

அவளுக்கும் இந்தச் சோதனை தெரியும். அவளும் யாரையும் நம்பி நூல் வாங்குகிறவள் இல்லை. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

அளவு எடுக்க வேண்டும் என்றாள். டேப்பு இல்லை. சாண்தான். நான் எழுந்து நின்று கையைத் தூக்கினேன். முதுகில் சாண் போட்டாள், தோளில் போட்டாள். ஊர் உலகம் அறிய நான் கம்பளி போடாதவள் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

"அவகிட்ட ஒண்ணு சொல்லிரு," என்று பழனிச்சாமியிடம் சொன்னேன். "முதுகுப் பக்கத்தை நீ பின்னக் கூடாது. எனக்கு மூச்சு விடணும்."

அவன் அதை ஹிந்தியில் சொல்வதற்குள் அவள் சிரித்துவிட்டாள்.

வைகாசியில் மலை மந்திர் முருகன் சந்நிதியில் கல்யாணம் நடந்தது. அண்ணன் வந்திருந்தார், சாப்பிட்டார், என்னோடு பேசாமல் ரயில் ஏறினார். அதையும் எழுதிவிடுகிறேன், மறைக்க ஒன்றும் இல்லை.

10

இந்தக் கார்த்திகைக்கு ஸ்வெட்டர் முடிந்து கைக்கு வந்தது. புசுபுசு நூல், நல்ல சூடு. கையில் கொடுத்துவிட்டு இரண்டு பேரும் ஆபீசுக்கு பஸ் பிடிக்கப் போய்விட்டார்கள். நான் அதை மாடிக்கு எடுத்துப் போய் வெயிலில் உள்பக்கம் திருப்பினேன்.

முன்பக்கத்தை இழுத்தேன், நெகிழ்ந்தது. பின்பக்கத்தை இழுத்தேன், நெகிழ்ந்தது. ஒரே கை. பரவாயில்லை, சொன்ன சொல் கேட்டிருக்கிறான் என்று நினைத்தேன். எதற்கும் விரலை நனைத்து, மயிரைப் படிய வைத்து, முதுகு முழுக்கத் தடவிப் பார்த்தேன். இடது தோளுக்குக் கீழே விரல் தட்டியது. கடுகு அளவில் முடிச்சு.

ஏமாற்றிவிட்டான் என்று வந்த கோபத்தில் அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் கண்ணருகில் கொண்டுபோனேன். முடிச்சு சரிதான். சுற்று சரிதான். நுனியைப் பார்த்தேன். பிசிறு இல்லை. கத்தரிக்கோலால் வெட்டின நுனி. எங்கள் வீட்டு முடிச்சு, அவள் கை.

ஸ்வெட்டரை நேராகத் திருப்பிப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினேன்.